எண்ணில் அடங்காத மதிப்பு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு மராட்டிய மண்ணில் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் ஆண்டிற்கு ஒரு முறை ஒன்றுகூடி மகிழும் நன்னாள் இது. இத்தகைய நாளில் மொழியின் சிறப்பையோ இலக்கியத்தின் நயத்தையோ எடுத்துரைப்பது வழக்கம். இவ்வாண்டு வேறொரு பொருளைப் பற்றி உங்களோடு பேச விழைகின்றோம். இரவு பதினொரு மணிக்கு மேல் நம் வீடுகளில் போர்வைக்குள் ஒளிரும் சிறு விளக்கைப் பற்றியது அப்பொருள். கைப்பேசியும் இணையமும் நம் வளரிளம் பிள்ளைகளை எவ்வாறு பிணிக்கின்றன? அப்பிணிப்பிற்கும், பிள்ளைகள் தம்மைத் தாமே மதித்துக்கொள்ளும் தன்மதிப்பிற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்விரண்டையும் ஆராய்வதே இன்றைய நோக்கம்.

கருவி வந்த வழி

எதனையும் பழிக்குமுன் அது வந்த வழியை அறிதல் நன்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் இணையச் சேவையைத் தொடக்கத்தில் கட்டணமின்றி வழங்கத் தலைப்பட்டது. அதனை அடுத்து எழுந்த போட்டியால், அதுகாறும் அளந்து அளந்து செலவிட்ட இணையம், குழாய்த் தண்ணீர் போல எளியவர் வீட்டிலும் பாயத் தொடங்கிற்று. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. 'தொடாதே' என்று தடுத்து வந்த பெற்றோரே, கடன்பட்டும் கருவி வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தனர். பாடநூலாக வந்த பொருள் அது. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் மீண்டும் பை சுமந்து சென்றனர். கருவி மட்டும் கையை விட்டு இறங்கவில்லை. ஆகவே, 'இக்காலப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவது நீதி ஆகாது.

கைப்பேசியைக் கையில் எடுப்போர் எல்லாரும் அதற்கு அடிமைகள் என்பதும் பிழையே. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் மின் விளையாட்டுக் கோளாறு என்பதனைச் சேர்த்துள்ளது. அப்பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அக்கோளாற்றிற்கு மூன்று அடையாளங்களை அது கூறுகின்றது. விளையாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தன் வசம் இல்லாமை ஒன்று. பிற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்தள்ளி விளையாட்டே முதன்மை பெறுதல் இரண்டு. கேடு விளைவதைக் கண்ட பின்னும் அதனையே தொடர்தல் மூன்று. இவை வாழ்க்கையைப் பெரிதும் சிதைக்கும் அளவில், பொதுவாக 12 மாத காலம் நீடித்தல் வேண்டும். இணைய அடிமைத்தனம் என்ற பொதுப்பெயர் அப்பட்டியலில் தனி நோயாக இடம்பெறவில்லை. எனவே, விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் 'கேம்' ஆடிய சிறுவனை நோயாளி என்று அழைத்தல் தகாது. எனினும், நோய் என்று பெயர் பெறாமலே துன்பம் தரும் பிணிப்பும் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் காண்பது அதுவே.

பிணிக்கும் பொறி

பிள்ளைகள் ஏன் அதனை விட்டு எழ இயலவில்லை? மன உறுதி இல்லாமையே காரணம் என்று கூறி விடுகின்றோம். பொறியின் அமைப்பை அறிந்தால் அவ்வாறு கூற மாட்டோம்.

அமெரிக்க உளநூல் அறிஞர்களான பெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் அதில் விரிவாக இடம்பெற்றன. ஒரு பொத்தானைக் கொத்தினால் புறாவிற்குத் தீனி கிடைக்கும். இத்தனை முறை கொத்தினால் இத்தனை தீனி என்று கணக்கு நிலையாக இருந்தபோது, தீனி பெற்ற புறா சற்று ஓய்ந்து நின்றது. எத்தனையாவது கொத்தில் தீனி விழும் என்று அறிய முடியாதபடி கணக்கை மாற்றியபோதோ, புறா ஓயாது கொத்திக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்திற்று. சூதாட்டத்தில் அமர்ந்தவன் எழாமைக்குக் காரணம் இதுவே. ஒரு காட்சி சுவையற்றது, அடுத்ததும் அவ்வாறே, மூன்றாவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கின்றது. நான்காவது எப்படி இருக்குமோ என்று விரல் தானே நகர்கின்றது. புறாவைப் பழிப்பார் உண்டோ?

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. இணையப் பக்கம் முடிவே இன்றி நீண்டுகொண்டே செல்லும் அமைப்பினை 2006இல் ஏசா ரேஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆக்கினார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே வருந்தினார். நம் பந்தியில் மோர் வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அறிகின்றோம், இலையை மடிக்கின்றோம். இத்திரையிலோ மோர் வருவதே இல்லை. குழம்பின் மேல் குழம்பாக வந்துகொண்டே இருக்கின்றது. வளர்ந்த நமக்கே இலையை மடிக்கத் தெரியவில்லை என்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளை என் செய்யும்?

தன்மதிப்பின் கணக்கு

இத்துணையும் பொறியின் வலிமை. பொறியின் வலிமை ஒன்றே காரணமாயின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் சிக்குதல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஒருவன் அரை மணி நேரத்தில் எழுந்து பந்தாடச் செல்கின்றான். மற்றொருவன் விடியும்வரை விழித்திருக்கின்றான். இவ்வேறுபாட்டின் வேர்களில் ஒன்று தன்மதிப்பு.

வில்லியம் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 1890இல் வெளியிட்ட உளநூலில் தன்மதிப்பினை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே தொகுதியில் நாம் அடைந்த வெற்றி. கீழே பகுதியில் நாம் நம்மிடம் எதிர்பார்ப்பது. வெற்றி பெருகினாலும் மதிப்பு உயரும். எதிர்பார்ப்பு சுருங்கினாலும் உயரும். எதிர்பார்ப்பு வீங்கினாலோ, எத்துணை வெற்றி பெற்றாலும் விடை சிறுத்துப்போகும். கைப்பேசி செய்யும் வேலை இந்தப் பகுதியை வீங்கச் செய்வதே ஆகும்.

எவ்வாறெனில், தம் திறனை அளக்க வேறு கோல் இல்லாதவிடத்து மக்கள் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே அளக்கின்றனர் என்று லியோன் பெஸ்டிங்கர் என்பார் 1954இல் நிறுவ முற்பட்டார். முன்னாளில் ஒரு பெண் தன் கோலத்தைத் தெருவிலுள்ள பத்துக் கோலங்களோடு ஒப்பிட்டாள். ஒரு சிறுவன் தன் ஓட்டத்தை வகுப்பிலுள்ள நாற்பது பேரின் ஓட்டத்தோடு ஒப்பிட்டான். பத்தில் மூன்றாவதாக வருவது இயலும். நாற்பதில் ஒரு நல்ல இடம் கிடைக்கும். இன்றோ ஒப்பிடப்படுவது உலகம் முழுவதும். அதுவும் உள்ளது உள்ளபடி காணும் உலகம் அன்று. நூறு படம் எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, முகத்தின் மருவை நீக்கி, நிறத்தை ஏற்றி, இடையைக் குறுக்கி அனுப்பிய உலகம். தன் வீட்டுக் கண்ணாடியில் காணும் உண்மை முகத்தை அப்பொய் முகத்தோடு வைத்துப் பார்க்கும் பெண் எப்போது வெல்வாள்?

2009 பிப்ரவரியில் பேஸ்புக் 'லைக்' என்னும் விருப்பக் குறியைக் கொண்டுவந்தது. அன்று தொட்டுப் பாராட்டு என்பது ஓர் எண்ணிக்கை ஆயிற்று. பரத நாட்டியம் பயிலும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். ஆறு திங்கள் உழைத்து அரங்கேறிய நாளில், தன் படத்தை இன்ஸ்டாகிராமில் இடுகின்றாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கின்றாள்; இருபத்தாறு விருப்பக் குறிகள். தோழி இட்ட தோசைப் படத்திற்கோ இருநூறு. மெல்லத் தன் படத்தை நீக்கிவிடுகின்றாள். ஆட்டத்தில் குறையில்லை, குரு மெச்சினார், பாட்டி கண்ணீர் மல்கத் திருஷ்டி கழித்தார். அவையெல்லாம் இருபத்தாறு என்னும் எண்ணின் முன் தோற்றுப்போயின. அவள் நீக்கியது ஒரு படத்தை மட்டும் என்று நாம் எண்ணலாமா?

இவ்வெண்ணிக்கையைப் பிறர் கண்ணினின்று மறைத்துக்கொள்ளும் வசதியை இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் 2021 மே திங்களில் அளித்தன. வசதி நன்று, எண் வேண்டாம் என்று சொல்லும் மனமும் உடன் வேண்டும்.

மாரிஸ் ரோசன்பர்க் என்பார் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவரை ஆராய்ந்து 1965இல் நூல் எழுதினார். அவர் வகுத்த பத்து வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் இன்றளவும் உலகெங்கும் பயன்படுகின்றது. தன்மதிப்பு உடையவன் தான் பிறரினும் மேலானவன் என்று தருக்குபவன் அல்லன். தான் போதிய தகுதி உடையவன் என்று அமைதி கொள்பவன் என்பது அவர் கருத்து. 'நான் போதும்' என்ற அந்த அமைதியைத்தான் திரை நாள்தோறும் கரைக்கின்றது. அமைதி குறைந்த பிள்ளை ஆறுதல் தேடி மீண்டும் திரைக்கே செல்கின்றது. முதலில் எது குறைந்தது, எது கூடியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் இது என்பதை வீட்டில் இருப்போர் கண்ணாலேயே காணலாம்.

மதிப்பெண் என்னும் மூத்தவன்

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் கூறுதல் வேண்டும். பிள்ளையின் மதிப்பை எண்ணால் அளக்கும் வழக்கத்தை இணையம் கொண்டுவரவில்லை. அதற்கு முன்பே நம் சமூகத்தில் அது வேரூன்றி இருந்தது. நம் மொழியிலேயே அதற்கு ஒரு சொல் உண்டு: மதிப்பெண். மதிப்பும் எண்ணும் ஒன்றாகிவிட்ட சொல் அது. இச்சங்கத்திற்கு வரும் பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி, 'எத்தனை சதவீதம்?' என்பது. இரண்டாம் கேள்வி, 'வகுப்பில் எத்தனையாவது?' என்பது. அவன் என்ன நூல் படித்தான், யாருக்கு உதவினான், எதனைக் கண்டு வியந்தான் என்று கேட்பார் அரியர்.

எனவே, எண்ணே மதிப்பு என்னும் பாடத்தைப் பிள்ளை முன்னமே கற்றிருக்கின்றது. மதிப்பெண் மூத்தவன், விருப்பக் குறி இளையவன். மூத்தவன் ஆண்டிற்கு இருமுறை வருகின்றான். இளையவன் நிமிடத்திற்கு ஒரு முறை வருகின்றான். தொண்ணூற்றைந்து பெற இயலாத பிள்ளை, வேறு ஏதேனும் ஓர் எண்ணால் தன்னை நிறுவிக்கொள்ள முற்படுவது இயல்பன்றோ? கைப்பேசியைப் பறித்து வைத்துவிட்டு, மறு கையால் மதிப்பெண் பட்டியலை நீட்டினால் நோய் தீர்வது எங்ஙனம்?

குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை

இது எல்லார்க்கும் பொதுவான நிலை. நம்மனையார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ மற்றொரு சுமையும் உண்டு. தந்தைக்கு மாற்றல் ஆணை வருகின்றது. மதுரையில் எட்டாம் வகுப்பு வரை பயின்ற சிறுவன், இங்கு வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்கின்றான். அங்கு அவன் பள்ளிக் கபடிக் குழுவின் தலைவன். இங்கு அவன் பேசும் இந்தியைக் கேட்டு வகுப்பு சிரிக்கின்றது; மராத்தியோ அறவே புரியவில்லை. ஊருக்குச் சென்றால் சிற்றப்பன் பிள்ளைகள் அவன் தமிழைக் கேட்டு, 'வடக்கத்தியான் வந்துவிட்டான்' என்று நகைக்கின்றனர். எங்கும் அரைக்கால் ஆளாக நிற்கும் அச்சிறுவன் இணைய விளையாட்டில் நுழைகின்றான். அங்கே நால்வர் கொண்ட குழுவிற்கு அவனே தலைவன். அவன் வரும்வரை மற்ற மூவரும் காத்திருக்கின்றனர். அவன் மொழியைப் பார்த்து நகைப்பார் இல்லை.

இரவு பத்து மணிக்குத் தந்தை சினந்து கைப்பேசியைப் பறிக்கின்றார். பறித்தது ஒரு விளையாட்டுப் பொருளை என்று அவர் நினைக்கின்றார். அவனோ, இவ்வூரில் தனக்கு இருந்த ஒரே தலைமைப் பதவியை இழந்தவனாய்க் கதறுகின்றான். இவ்விருவருக்கும் இடையே உள்ள இப்பள்ளத்தை முதலில் நாம் காணுதல் வேண்டும். கண்டால், பறிப்பதற்கு முன் கொடுப்பதற்கு என்ன இருக்கின்றது என்று தேடுவோம்.

செய்யத் தக்கன

நமது மாநிலத்திலேயே, சாங்கிலி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூர் 2022 ஆகஸ்டில் ஒரு முடிவு செய்தது. மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கொலி எழும். ஊரெங்கும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒன்றரை மணி நேரம் அணைக்கப்படும். அந்நேரத்தில் பிள்ளைகள் படிப்பர். பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவர். பிள்ளைகளுக்கு மட்டும் விதித்த கட்டளையன்று அது. ஊர் முழுவதும் ஏற்ற நோன்பு. அதன் சிறப்பும் அதுவே. தந்தை செய்தி பார்த்துக்கொண்டும் தாய் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டும் இருக்க, பிள்ளையை மட்டும் 'வைத்துவிடு' என்றால் அது சட்டம் ஆகுமேயன்றி வழி ஆகாது. நம் காலனியில் நாற்பது குடும்பங்கள் ஒருங்கே முனைந்தால், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் இந்நோன்பை மேற்கொள்ள இயலாதா?

இரண்டாவது, உறக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உறக்க மருத்துவ வல்லுநர் கூறுவர். இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், பெற்றோருடையவை உட்பட, கூடத்தில் ஒரே இடத்தில் மின்னூட்டம் பெறட்டும். எழுப்புவதற்கு ஓர் அலாரக் கடிகாரம் வாங்கினால் போதும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையானது. பிள்ளைக்கு உண்மையான பொறுப்புக் கொடுங்கள். தன்னால் ஒரு வேலை நடந்தது, தான் இல்லாவிடில் அது நின்றிருக்கும் என்று உணரும் பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பு எந்த எண்ணிலும் அடங்காது. பாட்டியை வங்கிக்கு அழைத்துச் சென்று மராத்திப் படிவத்தை நிரப்பித் தருவது ஒரு பொறுப்பு. சிறுவர்க்கு அகர வரிசை கற்பிப்பது ஒரு பொறுப்பு. நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியையும் வரவு செலவையும் பதினாறு வயதினரிடம் முழுமையாக ஒப்படைப்போம். தவறினால் திருத்துவோம், பிடுங்கிக்கொள்ள மாட்டோம். அந்தக் கைப்பேசியையே கொண்டு, இக்காலனிக்கு முதன்முதல் வந்த தாத்தாக்கள் எந்த ரயிலில் எந்தப் பெட்டியோடு வந்தார்கள் என்னும் வரலாற்றைப் பிள்ளைகள் பதிவு செய்யட்டும். அவர்களிடம் உள்ள திறமை அப்போது நமக்கும் பயன்படும்; அவர்களுக்கும் பெருமை தரும்.

அரசுகளும் வாளா இருக்கவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. 16 வயதிற்கு உட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் வேலி, வேலி பயிரை வளர்க்காது.

பிள்ளை பள்ளியை மறுத்தாலும், உணவையும் உறக்கத்தையும் துறந்தாலும், நெடுநாள் எவரோடும் பேசாது ஒதுங்கினாலும், வாழ்வில் பற்றில்லை என்னும் பொருள்படப் பேசினாலும் காலம் தாழ்த்தாதீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் அது உதவுகின்றது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கெனவே 2014இல் தனிப் பிரிவைத் தொடங்கியது. மருத்துவரை நாடுதல் குடும்பத்திற்கு இழுக்கு என்று எண்ணற்க. காய்ச்சலுக்கு நாடும் நாம், மனத்தின் வாட்டத்திற்கு நாடுவதில் நாண என்ன இருக்கின்றது?

இளைஞர்க்கு ஒரு சொல்

இறுதியாக, இளஞ்செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். கைப்பேசியை எறிந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அதனால் நீங்கள் கற்பவை பல. ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் முகத்தை நாள்தோறும் காட்டுவதும் அதுவே. ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வைக்கும்போது, எடுத்த போதினும் உங்களை நீங்களே சிறியவராக உணர்கின்றீர்களா? உணர்ந்தால், அங்கே உங்களுக்கு நிறுக்கப்படும் தராசு சரியில்லை என்று கொள்ளுங்கள். தராசு பொய்த்தால் தங்கத்திற்கு என்ன குறை? பொருளை ஐயுறாதீர்கள், தராசை மாற்றுங்கள்.

உங்களைச் சரியாக நிறுக்கும் தராசாக இவ்வீடுகளும் இச்சங்கமும் விளங்கும்படி செய்வது எங்கள் கடமை. அடுத்த ஆண்டு விழாவிற்கு நீங்கள் வரும்போது, 'எத்தனை சதவீதம்?' என்று உங்களிடம் கேட்பதில்லை என இங்குள்ள பெரியோர் அனைவரும் இன்று உறுதி கொள்வோம். 'இவ்வாண்டு என்ன செய்து மகிழ்ந்தாய்?' என்று கேட்போம். நீங்கள் சொல்லும் விடையை, கையில் கைப்பேசி இன்றி, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்போம்.